கைமாறாத காரும் கைக்கு வராத பணமும்

கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது காரவள்ளி. இவ்வூரைத் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்குகிறது. மேலே சென்று சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். இத்தகைய இடத்தில் வாழும் குடும்பத்திற்குச் சொந்தக் கார் என்பது ஆடம்பரம் அன்று. பேறுகாலப் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் அதுவே. மிளகையும் பலாவையும் சந்தைக்குச் சேர்ப்பதும் அதுவே. பிள்ளைகளைக் கல்லூரி விடுதிக்கு அழைத்துச் செல்வதும் அதுவே.

அத்தகைய காரை ஒரு குடும்பம் விற்க முன்வருகிறதென்றால், அதன் பின்னே பெரும்பாலும் ஒரு தேவை நின்றுகொண்டிருக்கும். மகளின் திருமணம், மகனின் கல்விக் கட்டணம், முதியவர் ஒருவரின் அறுவைச் சிகிச்சை என்று ஏதேனும் ஒன்று நாள் குறித்து நெருக்கும். கார் வாங்குவது மகிழ்ச்சியில் நடக்கிறது. விற்பதோ நெருக்கடியில் நடக்கிறது. ஆகவேதான், வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம் இறுதி நேரத்தில் பின்வாங்கும்போது ஏற்படும் அடி, காரின் விலையோடு நின்றுவிடுவதில்லை. அந்தப் பணத்தை நம்பி எடுத்த முடிவுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிகின்றன.

நாமக்கல் வட்டாரத்தாருக்கு வண்டி வாங்குவதும் விற்பதும் புதிதல்ல. லாரித் தொழிலால் பெயர் பெற்ற சீமை இது. முன்பெல்லாம் தரகர் ஒருவர் இருப்பார். இரு தரப்பையும் அறிந்தவராய் இருப்பார். விலை பேசி முடிந்ததும் அச்சாரம் கைமாறும். சொன்ன சொல் தவறினால் ஊரில் தலைகாட்ட முடியாது என்ற அச்சம் இரு தரப்புக்கும் இருந்தது. இன்றோ, கைப்பேசியிலேயே விலை சொல்லி, ஆள் அனுப்பிப் பார்வையிட்டு, காரை வாங்கும் பெரு நிறுவனங்கள் தோன்றிவிட்டன. 2015இல் தொடங்கிய கார்ஸ்24, ஸ்பின்னி ஆகியவை நாம் விளம்பரங்களில் காணும் பெயர்கள். இவற்றால் பலருக்கு நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தரகுக்கு அலைச்சல் இல்லை. பணம் நேராக வங்கிக்கு வருகிறது. ஆனால் பேரம் முறிந்தால் யாரிடம் போய் நிற்பது, எதைக் கேட்பது என்று தெரியாமல் திகைப்போரும் உளர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

ஒரு குடும்பத்தின் நிலை

காரவள்ளியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கார் வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. நிறுவனத்தின் செயலியில் விவரங்களைப் பதிந்ததும், 4,20,000 ரூபாய் கிடைக்கும் என்று திரை காட்டுகிறது. சேலத்திற்குக் காரைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். பார்வையிட்டவர் கிளட்ச் தேய்மானம், பிரேக் தேய்மானம், கதவில் ஒரு கீறல் என்று குறித்துக்கொள்கிறார். விலை 3,65,000 ஆகிறது. மனம் கசந்தாலும் குடும்பத்தலைவர் ஒப்புக்கொள்கிறார். கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லி ஒப்பந்தத்தை உறுதி செய்கிறார்.

வங்கிக் கடனில் இன்னும் 80,000 ரூபாய் பாக்கி. கடன் முடிந்தால்தான் ஆர்.சி. புத்தகத்திலிருந்து வங்கியின் பெயர் நீங்கும். “ஏனுங்க, பணம் வந்த பிறகு கடனைக் கட்டக்கூடாதா?” என்று இல்லத்தரசி கேட்கிறார். “எல்லாம் எழுதியாகிவிட்டது, இனி என்ன?” என்று கணவர் சொல்ல, நகை அடகுக்குப் போகிறது, கடன் தீர்கிறது. காரை எடுத்துச் செல்ல வேண்டிய நாளில் தொலைபேசி வருகிறது: “சார், மேலிடத்தில் ஒப்புதல் கிடைக்கவில்லை. இந்த வண்டி எங்களுக்கு வேண்டாம்.”

இக்குடும்பத்திற்கு உரிமை ஏதேனும் உண்டா? உண்டு. ஆனால் அது எந்தப் படியில் பேரம் முறிந்தது என்பதைப் பொறுத்தது. அந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

திரையில் தோன்றிய விலை

முதலில் கைப்பேசித் திரை காட்டிய 4,20,000 ரூபாய், சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் வாக்குறுதியே அன்று. அது வெறும் மதிப்பீடு. கடையின் கண்ணாடிப் பேழையில் பொருளுக்கு விலைச்சீட்டு ஒட்டியிருப்பதைப் போல, “வாருங்கள், பேசலாம்” என்ற அழைப்பு அவ்வளவே. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் திட்டவட்டமாக ஒன்றை முன்மொழிய வேண்டும். மற்றவர் அதனை அப்படியே ஏற்க வேண்டும். அப்போதுதான் ஒப்பந்தம் பிறக்கிறது. ஏற்பு சென்று சேருமுன் முன்மொழிந்தவர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ள உரிமையும் உண்டு. ஆகவே முதல் மதிப்பீட்டை நம்பிக் கடன் வாங்குவதும் தேதி குறிப்பதும் தகாது.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் ‘வீ பை எனி கார்’ என்ற பெரும் நிறுவனத்தின் நடைமுறையை அந்நாட்டு நேர்மை வணிக அலுவலகம் ஆராய்ந்தது. இணையத்தில் முதலில் காட்டிய விலையைவிடக் குறைந்த விலையே 100க்கு 96 பேருக்குக் கிடைத்தது என்று அது கண்டறிந்தது. அதன் விளைவாக 2011இல் அந்நிறுவனம் தன் முறைகளை மாற்றிக்கொள்வதாக உறுதியளிக்க வேண்டியதாயிற்று. முதல் விலை ஆசை காட்டுவது; இரண்டாம் விலையே உண்மையானது. இதனை நம் குடும்பங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தம் ஆன பிறகு

பார்வையிட்ட பின் நிறுவனம் ஒரு விலையைக் கூறி, நாம் ஏற்று, அது எழுத்திலோ மின்வடிவிலோ பதிவாகிவிட்டால் நிலைமை வேறு. தாளில் கையெழுத்து இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்வழியில் உருவானது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று கூறுகிறது.

ஆயினும் ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் வாசகத்திலேயே, ‘இறுதி ஆய்வுக்கு உட்பட்டு’, ‘ஆவணங்கள் சரிபார்க்கப்பட்ட பின்’, ‘எக்காரணமும் கூறாமல் விலகும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு’ என்பன போன்ற சொற்கள் இடம்பெற்றிருக்கக்கூடும். நிபந்தனையோடு கூடிய ஒப்பந்தம் அந்த நிபந்தனை நிறைவேறும் வரை முழுமை பெறுவதில்லை. ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுமுன் அந்த வாசகங்களைப் படிக்க வேண்டும். ஆங்கிலம் புரியாவிடில், படித்த பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ கொடுத்துப் படித்துக் கேட்க வேண்டும். அரை மணி நேரத்திற்குள் விலையை ஏற்காவிடில் வாய்ப்புப் போய்விடும் என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரமே ஓர் எச்சரிக்கை என்று கொள்ள வேண்டும்.

நிபந்தனை ஏதுமின்றி ஒப்பந்தம் ஆகி, தக்க காரணமின்றி நிறுவனம் பின்வாங்கினால், அது ஒப்பந்த மீறல். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 56ஆம் பிரிவில், வாங்க மறுப்பவர் மீது விற்பவர் இழப்பீடு கேட்கலாம் என்று கூறுகிறது.

எவ்வளவு கேட்கலாம்?

இங்குதான் பலர் தவறான கணக்குப் போடுகின்றனர். காரின் முழு விலையையும் கேட்டுவிடலாம் என்று எண்ணுகின்றனர். கார் நம்மிடமே இருக்கும்போது சட்டம் அவ்வாறு தருவதில்லை. ஒப்பந்த விலைக்கும், மீறல் நிகழ்ந்த நாளில் சந்தையில் கிடைக்கக்கூடிய விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடே இழப்பின் அடிப்படை. நாம் கற்பனை செய்த குடும்பம், இருபது நாள் முயன்று, இராசிபுரத்தில் ஒருவருக்கு 3,40,000 ரூபாய்க்குக் காரை விற்றுவிட்டது என்று கொள்வோம். 3,65,000 ரூபாயில் அதனைக் கழித்தால் 25,000 ரூபாய். இதுவே கேட்கத்தக்க இழப்பு.

அடகு வைத்த நகைக்கான வட்டி? அறுவைச் சிகிச்சை தள்ளிப்போன துயரம்? ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, மீறலிலிருந்து இயல்பாக விளையும் இழப்பையும், ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பும் அறிந்திருந்த இழப்பையும் மட்டுமே ஏற்கிறது. தொலைவான, மறைமுகமான இழப்பை அது ஏற்பதில்லை. ஆகவே, “உங்கள் ஒப்பந்தத்தை நம்பி இன்ன தேதியில் வங்கிக் கடனை முடிக்கிறோம்; இன்ன செலவுக்காக இப்பணம் தேவை” என்று ஒப்பந்தம் உறுதியாகுமுன்பே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பி வைப்பது எத்தனை பயனுள்ளது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அந்த ஒரு வரி இல்லையேல், வட்டிக் கணக்கு நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

மற்றொரு கடமையும் நமக்கு உண்டு. நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று காரை வெயிலிலும் மழையிலும் நிறுத்திவைத்து, ஓராண்டு கழித்து விலை பாதியாகிவிட்டது என்று கேட்க முடியாது. இழப்பைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்தோமா என்று சட்டம் கேட்கும். எனவே பேரம் முறிந்ததும் வேறு இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு, அதனை எழுத்தில் பெற்று வைப்பது நலம். அதுவே அன்றைய சந்தை விலைக்குச் சான்றாகவும் அமையும்.

அச்சாரத்தின் ஆற்றல்

நம் முன்னோர் கையாண்ட அச்சாரத்திற்கு இன்றும் சட்டத்தில் இடம் உண்டு. இதனை விளக்க நல்லதொரு வழக்கு இருக்கிறது. ஸ்ரீ ஹனுமான் காட்டன் மில்ஸ் என்ற தரப்பு, டாட்டா ஏர்கிராப்ட் நிறுவனத்திடமிருந்து பழைய விமான உதிரிகளைப் பத்து இலட்ச ரூபாய்க்கு வாங்க 1946இல் ஒப்பந்தம் செய்தது. இரண்டரை இலட்ச ரூபாயை முன்னதாகச் செலுத்தியது. பிறகு மீதிப் பணத்தைக் கட்டவில்லை. விற்ற நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்து, முன்பணத்தைத் தானே வைத்துக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1969இல் வந்த தீர்ப்பு, அது வெறும் பகுதிப் பணம் அன்று, ஒப்பந்தத்தை நிறைவேற்றுவேன் என்பதற்கான அச்சாரம் என்றும், வாங்குபவர் தவறியதால் விற்றவர் அதனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் கூறியது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? வாங்கும் நிறுவனம் சிறு தொகையேனும் முன்னதாகத் தந்தால், ‘இது அச்சாரம், நிறுவனம் விலகினால் இத்தொகை விற்பவருக்கே உரியது’ என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அவ்வாறு எழுதாமல் வெறுமனே முன்பணம் என்று இருந்தால், பேரம் முறியும்போது அதனைத் திருப்பித் தரும்படி நம்மிடம் கேட்க இடமாகிவிடும். அச்சாரம் தர மறுக்கும் நிறுவனத்தின் வாக்கை நம்பி நகையை அடகு வைக்கலாகாது.

நிறுவனம் விலகுவது எப்போது நியாயம்?

எல்லாப் பழியையும் வாங்குபவர் தலையில் சுமத்துவது நீதியாகாது. விற்பவர் உண்மையை மறைத்திருந்தால், விலகும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. பெரு விபத்தில் அடிபட்டுச் சீர்செய்யப்பட்ட கார், வெள்ளத்தில் மூழ்கிய கார், ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் திருத்தப்பட்ட கார், கடன் தீராத கார், போக்குவரத்து அபராதங்கள் குவிந்து கிடக்கும் கார் ஆகியவற்றை நல்ல கார் என்று சொல்லி விற்க முயல்வது பொய்யுரை. ஒப்பந்தச் சட்டம் அத்தகைய ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஏமாற்றப்பட்டவருக்கு இடம் தருகிறது.

மலைச்சாலையில் ஓடும் காருக்கென்று சில தேய்மானங்கள் உண்டு. 70 வளைவுகளில் ஏறி இறங்கும் காரின் பிரேக்கும் கிளட்சும் சமவெளிக் காரைவிட விரைவில் தேய்வது இயல்பு. அதனை நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நேர்மை மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும். சொல்லிவிட்ட குறையைக் காரணம் காட்டிப் பிறகு ஒருவர் விலக முடியாது அல்லவா?

இதற்கு மறுபுறமும் உண்டு. விற்பவர் வாய்மூடி இருந்துவிட்டார் என்பதைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முயல்பவர், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே அக்குறையைக் கண்டறிந்திருக்கக் கூடுமாயின், அவ்வாறு ரத்து செய்ய இயலாது என்று அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு விதிவிலக்குக் கூறுகிறது. தேர்ந்த ஆளை அனுப்பி மணிக்கணக்கில் சோதித்த நிறுவனம், வெளிப்படையாகத் தெரிந்த குறையை இறுதி நாளில் புதிதாகக் கண்டதுபோல் பேசினால், இவ்விதி நமக்குத் துணை நிற்கும். அதனால்தான், பார்வையிட்டவர் எழுதிய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.

கார் அவர்களிடம், பெயர் நம்மிடம்

இதுவரை கூறியவை எல்லாம் கார் நம் வாசலில் நிற்கும்போது நேர்பவை. இவற்றைவிடக் கொடியது, காரை எடுத்துச் சென்ற பிறகு நிறுவனம் பின்வாங்குவது. பணத்தில் பாதி வந்து மீதி வராமலிருக்கலாம். அல்லது பத்து நாள் கழித்து, ‘வண்டியைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள்’ என்று சொல்லலாம். இந்த இடைக்காலத்தில் அந்தக் காருக்கு யார் பொறுப்பு?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதற்குக் கண்டிப்பான விடை தருகிறது. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், கார் ஒன்று பலர் கை மாறிய பின் விபத்தில் ஓர் உயிரைப் பறித்தது. பதிவேட்டிலோ முதலில் விற்றவரின் பெயரே இருந்தது. விற்றுவிட்டேன் என்று அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. இழப்பீட்டுப் பொறுப்பு அவர் மீதே விழுந்தது. விபத்தில் பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதே அதன் நியாயம். 2025 நவம்பரில் தில்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பல கை மாறிய பழைய காரே. அவ்வழக்கில் காவல்துறையினர் முதலில் தேடிச் சென்றவர்களுள் ஒருவர், காரை எப்போதோ விற்றுவிட்டிருந்த பதிவு உரிமையாளர். இதைக் கேட்ட பிறகும் வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுக்க நமக்கு மனம் வருமா?

இந்த ஆபத்தைக் குறைக்க ஒரு நல்ல விதி வந்துள்ளது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பழைய வாகனங்களை வாங்கி விற்கும் வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அச்சான்று ஐந்தாண்டுக் காலம் செல்லும். உரிமையாளர் தம் வாகனத்தை அத்தகைய வணிகரிடம் ஒப்படைத்ததும், அச்செய்தி படிவம் 29சி வாயிலாகப் பதிவு அதிகாரிக்கு அறிவிக்கப்பட வேண்டும். அவ்வாறு அறிவித்த பின், வாகனத்துக்கும் அதனால் நேரும் நிகழ்வுகளுக்கும் வணிகரே பொறுப்பாளர் ஆகிறார். வாகனத்தை அவர் விருப்பம்போல் ஓட்டவும் முடியாது. வாங்க வருபவருக்கு ஓட்டிக் காட்டுதல், பழுதுபார்த்தல் முதலியவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். அதற்கும் பதிவேடு வைக்க வேண்டும். ஆகவே, “அங்கீகாரச் சான்று உண்டா? 29சி அறிவிப்பு எப்போது?” என்ற இரு கேள்விகளைக் கேட்காமல் சாவியைக் கொடுக்கலாகாது.

பணத்தைப் பொறுத்தும் சட்டம் நம் பக்கமே நிற்கிறது. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை, பொருளும் விலையும் ஒரே வேளையில் கைமாற வேண்டும் என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் விதி. விலை முழுவதும் வந்து சேரும் வரை பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையும் விற்பவருக்கு உண்டு. காரைக் கொடுத்த கணமே அந்த உரிமையை நாம் கைவிடுகிறோம். உடைமை அவர்களுக்கு மாறிவிட்ட பின் பணம் தர மறுத்தால், வெறும் வேறுபாட்டை அன்று, விலையையே கேட்டு வழக்கிடலாம் என்பது உண்மையே. ஆனால் வழக்கிட்டுப் பெறும் பணம் திருமண நாளுக்கு வந்து சேருமா?

திருப்பித் தரப்படும் காரை ஏற்க நேர்ந்தால், ஓடிய தூரம், டயர், பேட்டரி, கருவிகள் ஆகியவற்றைச் சரிபார்த்து எழுதிக் கையெழுத்துப் பெற வேண்டும். ஆர்.சி. புத்தகம், இரண்டு சாவிகள், இன்சூரன்ஸ் தாள், நாம் கையெழுத்திட்ட 29, 30ஆம் படிவங்கள் அனைத்தும் திரும்ப வர வேண்டும். கார் மீண்டும் நம்மிடம் வந்துவிட்டதைப் பதிவு அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

எங்கே முறையிடுவது?

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, நுகர்வோரின் முறையீடு கிடைத்த 48 மணி நேரத்திற்குள் ஒப்புகையும், ஒரு மாதத்திற்குள் தீர்வும் தர வேண்டும். அதற்கும் பலனில்லையேல் வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு அனுப்பலாம்.

அடுத்து நுகர்வோர் ஆணையம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பொருளை வாங்குபவரும், கட்டணம் கொடுத்துச் சேவை பெறுபவருமே 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் ஆவர். காரை விற்பவர் வாங்குபவர் அல்லவே! ‘நீர் நுகர்வோர் அல்லர்’ என்று நிறுவனம் வாதாடக்கூடும். ஆனால் பெயர் மாற்றத்துக்கோ, ஆவணப் பணிக்கோ, சேவைக் கட்டணம் என்றோ ஒரு தொகையை நம்மிடம் வாங்கியிருந்தால், அல்லது விலையில் கழித்திருந்தால், அந்தச் சேவையின் குறைபாட்டிற்காக நாம் நுகர்வோராக நிற்க வழி பிறக்கிறது. ஆகவே கட்டணம் கழிக்கப்பட்டதைக் காட்டும் ரசீது, மிகச் சிறு தொகைக்கானதாயினும், பொன்போல் காக்கப்பட வேண்டியது. நிறுவனத்தின் தலைமையகம் தொலைவில் இருந்தாலும், நாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம் என்பது இச்சட்டத்தின் சிறப்பு; கொல்லிமலையார்க்கு அது நாமக்கல். நிகழ்வு நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நுகர்வோர் என்று நிற்க முடியாதவர்க்கு உரிமையியல் நீதிமன்றம் உண்டு. அதற்குக் கால வரம்பு மூன்று ஆண்டுகள். இங்கு, ‘வழக்கு இன்ன நகரில் மட்டுமே’, ‘நடுவர் மன்றத்தில் மட்டுமே’ என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டிருந்தால் அது குறுக்கே நிற்கக்கூடும். செலவுக்கு அஞ்சுவோர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். அதன் உதவி எண் 15100. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களும் இதற்கு உரியவரே. லோக் அதாலத்தில் இரு தரப்பும் இசைந்து முடிவு கண்டால், அம்முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது, மேல்முறையீடு இல்லை.

காவல் நிலையத்தை நாடுவது எப்போது? பேரம் முறிந்தது என்பது மட்டும் குற்றம் ஆகாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு காரையோ ஆவணத்தையோ பறித்துச் சென்றிருந்தால் அது மோசடி. அப்போது தயங்காமல் புகார் தர வேண்டும்.

குடும்பங்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. திரையில் தோன்றும் முதல் விலையை வைத்து எந்தச் செலவையும் திட்டமிட வேண்டாம்.

2. ஒரே நிறுவனத்தை நம்பாமல், உள்ளூர் வணிகர் ஒருவரிடமும் தெரிந்தவர் ஒருவரிடமும் விலை கேட்டு வைக்க வேண்டும்.

3. வங்கிக் கடன் பாக்கி இருப்பின், நிறுவனமே நேராக வங்கிக்குச் செலுத்தும்படி கேட்க வேண்டும். நகையை அடகு வைத்துக் கடனை முடிப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

4. தொலைபேசியில் பேசியதை அன்றே எழுத்தில் அனுப்பி உறுதி கேட்க வேண்டும். குறுஞ்செய்திகளை அழிக்கலாகாது.

5. பணம் முழுவதும் வங்கிக் கணக்கில் சேர்ந்ததை நேரில் பார்த்த பிறகே சாவி. பணம் வந்துவிடும் என்று காட்டும் படத்தை நம்ப வேண்டாம்.

6. வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட வேண்டாம். வாங்குபவர் பெயர், நாள், நேரம் ஆகியவை எழுதப்பட்ட ஒப்படைப்புச் சீட்டைப் பெற வேண்டும்.

7. தனியாருக்கு விற்றால், அதே மாநிலத்திற்குள் 14 நாள்களுக்குள் விற்றவரே பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறும் வரை இன்சூரன்ஸை நிறுத்த வேண்டாம்; பாஸ்டேக் கணக்கை மட்டும் உடனே முடித்துவிட வேண்டும்.

பெரு நிறுவனம் என்பதால் என்றும் நிலைத்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஓ.எல்.எக்ஸ். ஆட்டோஸ் என்ற பெயரில் இந்தியாவில் நடந்த கார் வாங்கி விற்கும் தொழில் 2023இல் முடிவுக்கு வந்தது. அமெரிக்காவில் இணையவழிக் கார் விற்பனையில் பெயர் பெற்ற வ்ரூம் நிறுவனம் 2024 ஜனவரியில் அத்தொழிலை நிறுத்தியது. நிறுவனங்கள் வரும், போகும். நம் கையிலுள்ள தாள்களே நமக்குக் கடைசிவரை துணை.

கற்பனையாகச் சொன்ன அந்த இல்லத்தரசியின் கேள்வி எத்தனை எளியது! பணம் வந்த பிறகு கடனைக் கட்டக்கூடாதா என்று கேட்டார். சட்ட நூல்கள் பக்கம் பக்கமாகக் கூறுவதும் அதுவே. வீட்டில் ஒருவர் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு ஒரு நாள் அவகாசம் கொடுப்பது குடும்பத்துக்கு நல்லது. காரை விற்கும் முடிவைத் தலைவர் ஒருவரே கைப்பேசியில் எடுத்துவிடாமல், மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்து ஒப்பந்தத்தைப் படித்து, கணக்கைப் போட்டுப் பார்த்து எடுக்கட்டும். அவ்வாறு எடுத்த முடிவில், நிறுவனம் விலகினாலும் குடும்பம் தடுமாறாது.